ஆறு வயதுக்கு முன்னால் யார் பொறுப்பு? கடலூர், புதுச்சேரி பெற்றோர் கேட்டவை

கடலூரிலும் புதுச்சேரிப் பக்கமும் சிறப்புக் குழந்தைகளின் பெற்றோரோடு வேலை செய்கிறேன். பிறந்ததிலிருந்து ஆறு வயது வரைக்கும் கிடைக்கும் ஆரம்பநிலைச் சிகிச்சை, அதற்கான அரசுப் பணம், உரிமை பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். கேள்விக்குப் போகுமுன் ஒன்று: மாற்றுத்திறனாளி அடையாளக் கார்டு வரட்டும், சான்றிதழ் வரட்டும் என்று தெரபியைத் தள்ளிப்போடாதீர்கள். தெரபி தொடங்க இரண்டுமே தேவையில்லை.

பண்ருட்டியிலிருந்து ஒரு அம்மா: அக்கா, பாப்பாவுக்கு எட்டு மாசம் ஆகுது. கழுத்து இன்னும் நிற்கலை. "எங்க வீட்டுப் பிள்ளைங்க எல்லாம் லேட்டாதான் நிப்பாங்க" என்று மாமியார் சொல்றாங்க. யாரிடம் முதலில் காட்டுவது?

நாலு மாதத்துக்குள் கழுத்து நின்றிருக்க வேண்டும். எட்டு மாதத்திலும் நிற்கவில்லை என்றால் இந்த வாரமே குழந்தை டாக்டரிடம் காட்டுங்கள். மாமியாரைக் குறை சொல்ல வேண்டாம், கூடவே கூட்டிப் போங்கள். டாக்டர் சொல்வதை அவரும் கேட்கட்டும். வீட்டில் பயிற்சி கொடுக்கும்போது குழந்தையைப் பிடிக்கப்போவது பெரும்பாலும் அவர்தான்.

அரசு வழி என்றால் ராஷ்ட்ரிய பால ஸ்வஸ்த்ய காரியக்ரம் என்ற குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டம், சுருக்கமாக ஆர்பிஎஸ்கே. 2013இல் தொடங்கிய திட்டம். பிறந்ததிலிருந்து 18 வயது வரை பார்ப்பார்கள். டாக்டர், மருந்தாளுநர், நர்ஸ் கொண்ட குழு வண்டியில் வந்து அங்கன்வாடிகளில் வருடத்துக்கு இரண்டு முறையும் பள்ளிகளில் ஒரு முறையும் பரிசோதிக்க வேண்டும். வளர்ச்சித் தாமதம் தெரிந்தால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். எல்லோரும் டிஇஐசி என்று சொல்வது இதைத்தான். வண்டி வரும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரிடம் காட்டி டிஇஐசிக்குச் சீட்டு எழுதித் தரச் சொல்லுங்கள். எங்கே போவது என்று குழப்பமாக இருந்தால் 104க்கு போன் செய்து கேட்கலாம்.

தெரபி என்றால் பெரிய மெஷின் ஏதோ இருக்கும் என்று பல அம்மாக்கள் பயந்துகொண்டு வருகிறார்கள். பிசியோ முதலில் காட்டித் தருவது பெரும்பாலும் இவ்வளவுதான்: பழைய புடவையையோ துண்டையோ உருளையாகச் சுருட்டிக் குழந்தையின் நெஞ்சுக்குக் கீழே வைத்துக் குப்புறப் படுக்கவைப்பது. கண்ணுக்கு நேராகக் கிலுகிலுப்பையை ஆட்டி, குழந்தை தலையைத் தூக்கிப் பார்க்கவைப்பது. இரண்டு நிமிடத்தில் அழும். எடுத்துக் கொஞ்சிவிட்டுத் திரும்பப் படுக்கவைக்க வேண்டும். ஒரு நாளில் இப்படி எத்தனை முறை செய்கிறோம் என்பதில்தான் பலன். வாரத்தில் ஒரு நாள் மையத்துக்குப் போய் வருவது, மீதி ஆறு நாள் வீட்டில் சரியாகச் செய்யக் கற்றுக்கொள்ளத்தான். உங்கள் பாப்பாவுக்கு எது ஏற்றது என்பதை மட்டும் பிசியோ பார்த்துச் சொல்லட்டும், வீடியோ பார்த்து நீங்களாகத் தொடங்க வேண்டாம்.

விருத்தாசலத்திலிருந்து ஒரு அப்பா: சார் மேடம் எல்லோரும் மையம் இருக்கு, திட்டம் இருக்கு என்கிறார்கள். போனால் ஸ்பீச் தெரபி ஆள் இல்லை, போஸ்ட் காலி என்கிறார்கள். எந்தப் பணத்தில் நடக்கிறது இது? ஏன் ஆள் போட மாட்டேன் என்கிறார்கள்?

நிறையப் பேர் கேட்ட கேள்வி இதுதான், அதனால் பதிலும் கொஞ்சம் நீளும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016ஐ எடுத்துப் பாருங்கள். 31ஆவது பிரிவு, 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள குழந்தைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை என்கிறது. கல்வி உரிமைச் சட்டமும் ஆறிலிருந்துதான் தொடங்குகிறது. ஆறுக்குக் கீழே என்ன? அரசமைப்பின் 45ஆவது கூறு இருக்கிறது. ஆறு வயது வரையிலான குழந்தைகளின் பராமரிப்புக்கும் கல்விக்கும் அரசு முயற்சி செய்ய வேண்டும் என்று அது சொல்கிறது. அது நெறிமுறை, அதைக் காட்டி நீதிமன்றத்தில் நேராக உரிமை கேட்க முடியாது. 2016 சட்டத்தின் 25ஆவது பிரிவு, எல்லாக் குழந்தைகளையும் வருடத்துக்கு ஒரு முறையாவது பரிசோதிக்கச் சொல்கிறது. கண்டுபிடிப்பது கடமை என்று எழுதிவிட்டார்கள். கண்டுபிடித்த குழந்தைக்கு வாரத்துக்கு இத்தனை மணி நேரம் தெரபி என்று எங்கும் எழுதவில்லை. மூளை வேகமாக வளரும் வயதில் குழந்தைக்குக் கையில் உரிமை இல்லை, திட்டம் மட்டும்தான். என்னை இத்தனை வருடமாக உறுத்துவது இதுதான்.

திட்டம் என்றால் பணம் ஒவ்வொரு தடவையும் கேட்டுத்தான் வரும். டிஇஐசி தேசிய நலவாழ்வுக் குழுமத்தின் கீழ் வருகிறது. மத்திய அரசு 60, மாநிலம் 40 என்று பங்கு. எந்த மையத்துக்கு என்ன பணியிடம், எவ்வளவு சம்பளம் என்று மாநிலம் திட்ட அறிக்கை அனுப்பி ஒப்புதல் வாங்க வேண்டும். விதிப்படி ஒரு மையத்தில் குழந்தை டாக்டர், பிசியோ, ஸ்பீச், உளவியலாளர், கண் பரிசோதகர், சிறப்பாசிரியர், சமூகப் பணியாளர் எல்லோரும் இருக்க வேண்டும். ஆனால் பெரும்பாலும் ஒப்பந்த வேலை. படித்து முடித்த ஸ்பீச் தெரபிஸ்ட் சென்னையிலோ புதுச்சேரியிலோ தனியாரிடம் அதைவிட அதிகம் சம்பாதிக்கலாம். வருவார், சில மாதம் இருப்பார், போய்விடுவார். பதிவேட்டில் அந்த இடம் காலி என்று நிற்கும், உங்கள் பையனின் வயது நிற்காது.

பள்ளி வயதுக்கு வந்தாலும் இதே கதைதான். வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியரும் பிசியோவும் சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டப் பணத்தில் வருகிறவர்கள். 2024-25இல் பிஎம் ஸ்ரீ என்ற மாதிரிப் பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்பதற்காக மத்திய அரசு சமக்ர சிக்ஷா பணத்தை நிறுத்தி வைத்தது. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. இரண்டு அரசுகளின் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று ஆளாளுக்கு ஒரு கருத்து இருக்கலாம். நடக்கப் பழகிக்கொண்டிருக்கும் ஒரு குழந்தையின் பிசியோ சம்பளம் அதில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

உங்கள் கையில் இருப்பது ஒன்று. "ஆள் இல்லை" என்று வாயால் சொல்வதை ஏற்காதீர்கள். உங்கள் ஓபி சீட்டிலேயே, இன்ன தேதியில் ஸ்பீச் தெரபிக்கு வந்தோம், பணியிடம் காலி என்று எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். எழுத மறுத்தால் திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் அதையே மனுவாகக் கொடுங்கள். ஒரு மனு தனியாகப் போனால் காகிதம். ஒரே தாலுகாவிலிருந்து பத்துப் பெற்றோர் கொடுத்தால், அடுத்த திட்ட அறிக்கையில் அந்த இடத்தைக் கேட்க அதிகாரிக்கும் ஒரு ஆதாரம் கிடைக்கும்.

நெய்வேலியிலிருந்து ஒருவர்: அமெரிக்காவில் இருக்கும் என் தங்கை குழந்தைக்கு வீட்டுக்கே தெரபிஸ்ட் வருகிறார். அங்கே மட்டும் எப்படி முடிகிறது?

அங்கே 1986இல் ஒரு சட்டத் திருத்தம் கொண்டுவந்தார்கள். இன்று அதை, சிறப்புக் குழந்தைகளுக்கான கல்விச் சட்டத்தின் சி பகுதி என்பார்கள். பிறந்ததிலிருந்து மூன்று வயது வரை தனி ஏற்பாடு. குழந்தையைப் பரிந்துரைத்த 45 நாளுக்குள் மதிப்பீடு முடித்து, குடும்பத்தோடு உட்கார்ந்து ஒரு திட்டம் எழுதியாக வேண்டும். என்ன தெரபி, வாரத்துக்கு எத்தனை முறை, எங்கே என்பதெல்லாம் அதில் இருக்கும். வீட்டிலேயே செய்வதுதான் அங்கே வழக்கம். அங்கேயும் பணச் சிக்கல் உண்டு: மத்திய மானியம் ஒரு பகுதிதான், மீதியை ஒவ்வொரு மாநிலமும் தேட வேண்டும், சில மாநிலங்களில் வருமானத்துக்கேற்பக் குடும்பத்திடம் கட்டணம் வாங்குகிறார்கள். நாம் அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த 45 நாளை. கெடு என்று ஒன்று சட்டத்தில் இருந்தால்தான் தாமதத்தைத் தாமதம் என்று சொல்ல முடியும்.

நீங்கள் வருமான வரி கட்டுகிறவர் என்றால், பழைய வரி முறையில் 80டிடி பிரிவில் 75,000 ரூபாய் கழிவு உண்டு. குறைபாடு 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000. உங்களைச் சார்ந்திருக்கும் குழந்தைக்குச் சான்றிதழ் இருக்க வேண்டும்.

சிதம்பரத்திலிருந்து ஒரு அம்மா: பையனுக்கு இரண்டரை வயது. முகாமுக்குப் போனோம். "இவ்வளவு சின்னப் பிள்ளைக்குச் சான்றிதழ் கிடையாது, அஞ்சு வயசு ஆகட்டும்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அறிவுசார் குறைபாட்டுக்கான மத்திய அரசு வழிகாட்டுதலில் ஒரு வயது நிறைந்தாலே சான்றிதழ் தரலாம் என்று இருக்கிறது. ஐந்து வயது வரை முழுமையான வளர்ச்சித் தாமதம் என்று எழுதித் தற்காலிகச் சான்றிதழ் தருவார்கள். ஐந்து வயதில் மறுபடி மதிப்பீடு. அடுத்த தடவை யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கான இணையதளத்தில் முதலில் பதிவு செய்து, அந்த எண்ணோடு போங்கள். டாக்டர் சீட்டு, ஸ்கேன், பிறந்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் தாள் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வையுங்கள். பிறந்ததும் அழுததா, எத்தனை நாள் இன்குபேட்டரில் இருந்தது என்பதை எல்லா டாக்டரும் கேட்பார்கள், அந்த ஒரு தாளைத் தொலைத்துவிட்டு அலைகிற குடும்பங்கள் அதிகம்.

பாகூரிலிருந்து: எங்களுக்குக் கடலூர் பக்கம். ஆனால் ரேஷன் கார்டு புதுச்சேரி. எங்கே என்ன கேட்கலாம்?

சிகிச்சைக்கு எல்லை கிடையாது, கடலூர்க்காரர்களே பாதிப்பேர் ஜிப்மருக்குத்தான் வருகிறார்கள். உதவித்தொகை, காப்பீடு போன்றவை ரேஷன் கார்டைப் பார்த்து வரும், அதற்கு நீங்கள் புதுச்சேரியில்தான் கேட்க வேண்டும். உதவித்தொகைக்குச் சமூக நலத்துறை. சான்றிதழும் உங்கள் ஊர் வழியாகவே வாங்குங்கள். ஒரு இடத்தில் வாங்கிய சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும் என்று சட்டத்தின் 58ஆவது பிரிவே சொல்கிறது.

இன்னொன்று. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாட்டுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. 2021 ஜூனில் நாடு முழுவதும் 14 இடங்களில் தொடங்கிய ஆரம்பநிலை மையங்களில் அதுவும் ஒன்று. ஆறு வயது வரை எல்லாக் குறைபாட்டுக்கும் ஒரே கூரையின் கீழ் பார்ப்பார்கள். வாராவாரம் போக முடியாது, சரி. முழு மதிப்பீட்டுக்கு ஒரு தடவை போய்வந்து, அந்த அறிக்கையை வைத்துப் பக்கத்தில் தெரபி தொடரலாம்.

பரங்கிப்பேட்டையிலிருந்து ஒரு அப்பா: மகளுக்கு மூணு வயது. காது கேட்கவில்லை என்று இப்போதுதான் தெரிந்தது. ஆபரேஷனுக்குப் பல லட்சம் ஆகுமாமே?

அண்ணே, உங்களுக்கு நேரம் குறைவு, உடனே நகருங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் காதுக்குள் வைக்கும் காக்ளியர் கருவி பொருத்துவது உண்டு, ஆனால் ஆறு வயதுக்குள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். முதலில் ஒலி காதிலிருந்து மூளைக்குப் போகிறதா என்று பார்க்கும் பெரா டெஸ்ட், பிறகு கேட்கும் கருவி போட்டுப் பார்ப்பது, ஸ்கேன், ஒப்புதல் என்று படிப்படியாகப் போகும். ஒவ்வொரு படியிலும் மாதங்கள் கரையும்.

ஆபரேஷன் முடிந்தால் பேசிவிடுவாள் என்று நினைக்காதீர்கள். கருவி ஒலியைத்தான் கொண்டுவரும், அதைப் பேச்சாகப் புரிந்துகொள்ள வருடக்கணக்கில் பயிற்சி வேண்டும். ஆபரேஷன் தேதி கேட்கும்போதே தெரபி எங்கே, வாரத்தில் எத்தனை நாள் என்பதையும் கேளுங்கள்.

கைக்குழந்தை உள்ளவர்கள் இதைப் படித்தால்: ஒரு மாதத்துக்குள் காதுப் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்துவது, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை தொடங்குவது. இதுதான் உலகெங்கும் வைத்திருக்கும் அளவு. பிரசவ வார்டிலிருந்து வரும்போதே ஓஏஇ என்ற காதுப் பரிசோதனை செய்தாயிற்றா என்று கேளுங்கள். சில நிமிட வேலை, குழந்தைக்கு வலிக்காது.

வடலூரிலிருந்து: மாதம் 2,000 ரூபாய் யாருக்கு? அதில் தெரபிக்குக் கட்டுமா?

அறிவுசார் குறைபாடு 40 சதவீதமும் அதற்கு மேலும், கடுமையான குறைபாடு 75 சதவீதமும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குத் தமிழ்நாடு அரசின் பராமரிப்பு உதவித்தொகை. தசைச்சிதைவு போன்ற வேறு சில பிரிவுகளும் உண்டு. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். தனியார் தெரபிக்கு அது கட்டாது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீடு வருடத்துக்கு 1 லட்சம் வரை தருகிறது. கட்டணம் சில நூறு ரூபாய். தெரபிச் செலவையும் அதில் கேட்கலாம். சான்றிதழ் கிடைத்த கையோடு சேர்ந்துவிடுங்கள், பில்லை ஒன்றுவிடாமல் வாங்கி வையுங்கள்.

குறிஞ்சிப்பாடியிலிருந்து ஒரு பாட்டி சார்பாக: பேரனை அங்கன்வாடியில் விட்டால், பார்த்துக்க முடியாது என்று டீச்சர் சொல்றாங்களாம்.

மறுக்கக் கூடாது. 2023 நவம்பரில் மத்திய அரசு மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான அங்கன்வாடி நடைமுறையை வெளியிட்டது. கண்டறிவது, சேர்த்துக்கொள்வது, தேவைப்பட்டால் மேல் சிகிச்சைக்கு அனுப்புவது எல்லாம் அதில் இருக்கிறது. ஆனாலும் டீச்சரோடு சண்டையில் தொடங்காதீர்கள். ஒரே ஆளாக அத்தனை பிள்ளைகளையும், சத்துமாவையும், பதிவேட்டையும் பார்க்கிறவர் அவர். முதல் இரண்டு வாரம் பாட்டியோ அம்மாவோ கூட உட்காரட்டும். பையன் எப்படிச் சாப்பிடுவான், பாத்ரூம் வந்தால் எப்படிக் காட்டுவான் என்று டீச்சருக்குச் சொல்லிக் கொடுங்கள். அதற்கும் மறுத்தால் வட்டார குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள்.

திட்டக்குடியிலிருந்து ஒரு அம்மா: கூலி வேலைக்குப் போறேன். கடலூர் வந்து போக ஒரு நாள் கூலி போகுது. வாராவாரம் எப்படி வருவது?

உங்கள் கேள்விதான் எனக்கு ரொம்ப நேரம் மனதில் நின்றது. தெரபி இலவசம் என்றாலும் வந்து போவது இலவசம் இல்லை. டவுன் பஸ்ஸில் மாற்றுத்திறனாளிக்கும் கூட வருகிறவருக்கும் 2021இலிருந்து கட்டணம் கிடையாது, ஆனால் திட்டக்குடிக்கு அது எந்த மூலைக்கு? இதற்காகத்தான் தமிழ்நாடு அரசின் உரிமைகள் திட்டம் வந்தது. 2022இல் உலக வங்கி 16.2 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் கொடுத்தது. முதல் கட்ட மாவட்டங்களில் கடலூரும் ஒன்று. விழுதுகள் என்ற பெயரில் சேவை மையங்களும், ஊருக்குள் வரும் தெரபி வண்டியும் அதில் உண்டு. வண்டி உங்கள் பக்கம் எந்த நாளில், எந்த இடத்தில் நிற்கிறது என்று நல அலுவலகத்தில் கேளுங்கள். வரவில்லை என்றால், அடுத்த கிராம சபையில் தீர்மானமாகவே கேட்கலாம். ஆறு வயதுக்குள் இத்தனை குழந்தைகள் எங்கள் ஊராட்சியில் இருக்கிறார்கள், வாரத்துக்கு ஒரு நாள் வண்டி இங்கே நிற்க வேண்டும் என்று எண்ணிக்கையோடு எழுதச் சொல்லுங்கள். கிராம சுகாதார நர்ஸிடம் கேட்டால் அந்த எண்ணிக்கை தெரியும். தீர்மான நகலில் ஊராட்சி முத்திரை வாங்கிக்கொண்டு எனக்கும் ஒன்று அனுப்புங்கள், திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸில் நானே கொடுத்து ரசீது வாங்கித் தருகிறேன்.