ஆட முடியாதவன்தான் கோச் ஆவானா?

கேள்வி: நான் கொட்டாஞ்சேனையைச் சேர்ந்தவன். வயது 32. பதினொரு வருடமாக ஒரு தனியார் நிறுவனத்தின் கூடைப்பந்து அணியில் ஆடுகிறேன். வேலை கிடைத்ததே அந்த ஆட்டத்தால்தான். போன வருடம் முழங்கால் தசைநார் கிழிந்து சத்திரசிகிச்சை செய்தார்கள். பழையபடி எழும்ப முடியவில்லை. பக்கத்துப் பாடசாலையில் 16 வயதுக்குட்பட்ட பெண்கள் அணிக்குப் பயிற்சி கொடுக்கச் சொல்லிக் கேட்டார்கள். ஒரு மாதமாகப் போகிறேன். சொன்னதைச் செய்யாத பிள்ளைகளைக் கண்டால் கோபம் வருகிறது. ஒரு பிள்ளைக்கு இடது கை லே-அப் (ஓடி வந்து எழும்பிக் கூடைக்குப் பக்கத்தில் பந்தைப் போடுவது) எத்தனை தரம் காட்டியும் வரவில்லை. எல்லோருக்கும் முன்னால் ஏசிவிட்டேன். பத்து நாளாக அவள் வரவில்லை. கூட்டாளிகள் ‘ஆட முடியாதவன்தான் கோச் ஆவான்’ என்கிறார்கள். நான் பிந்தி வீட்டுக்கு வருவது மனைவிக்குப் பிடிக்கவில்லை. வேலையை விட்டு முழுநேரமாக இதில் இறங்கலாமா, இல்லை எல்லாவற்றையும் விட்டுவிடவா?

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் உறுத்தியது அந்தப் பிள்ளை. அவளிடம் பிறகு வருகிறேன்.

வேலையை விடாதீர்கள். கூடைப்பந்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்தும் அளவுக்கு இலங்கையில் தொழில்முறை லீக் கிடையாது. நல்ல ஆட்டக்காரர்களே இராணுவத்திலோ விமானப்படையிலோ, உங்களைப் போல ஒரு நிறுவனத்திலோ சம்பளம் வாங்கிக்கொண்டுதான் ஆடுகிறார்கள். பாடசாலைக் கோச்சுக்குக் கிடைப்பது உங்களுக்கே தெரியும். வாரத்தில் எந்தெந்த நாள், எத்தனை மணிக்கு வீட்டில் இருப்பீர்கள் என்று மனைவியிடம் முன்கூட்டியே சொல்லி, சொன்னபடி வாருங்கள். ஒருநாள் அவரையும் கோர்ட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

கூட்டாளிகள் சொல்வதை நான் கொஞ்சமும் ஏற்க மாட்டேன். அமெரிக்க ஆட்டக்காரர் மேஜிக் ஜோன்சன் லேக்கர்ஸ் அணியோடு ஐந்து தரம் சம்பியன் ஆனவர். 1994இல் அதே அணிக்குக் கோச்சாக வந்தார். 16 ஆட்டத்தில் 5 வெற்றி, 11 தோல்வி. அதில் கடைசிப் பத்தும் வரிசையாகத் தோல்வி. அதோடு அந்த வேலையை விட்டுவிட்டார். அந்தக் கூடத்தில் அவரைவிட ஆடத் தெரிந்தவர் யார் இருந்தார்கள், சொல்லுங்கள்? ஃபில் ஜாக்சன் நியூயோர்க் நிக்ஸ் அணியில் பெரும்பாலும் வாங்கிலிருந்து எழும்பிப் போய் ஆடியவர். ஆட்டம் முடிந்த பிறகு சின்ன லீக்குகளில் வருடக்கணக்காகக் கோச்சாக இருந்து பழகினார். அப்புறம் சிக்காகோவோடு 6, லேக்கர்ஸோடு 5 என்று 11 பட்டம். ஆட்டம் ஒரு தொழில், கற்றுக்கொடுப்பது இன்னொரு தொழில். முதலாவதில் உங்களுக்கு அனுபவம் பதினொரு வருடம், இரண்டாவதில் ஒரு மாதம். உங்கள் கோபத்துக்குக் காரணமே இந்தக் கணக்கை நீங்கள் இன்னும் ஒப்புக்கொள்ளாததுதான் என்று எனக்குப் படுகிறது.

நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியவர் பெக்கி ஹம்மன். அமெரிக்கப் பெண்கள் லீக்கில் ஆடியவர். 2013இல், 36 வயதில், சென் அன்டோனியோ அணிக்கு ஆடும்போது அவருக்கும் முழங்கால் தசைநார்தான் கிழிந்தது. கால் ஆறும் வரை வீட்டில் இருக்கவில்லை. அதே ஊரின் ஆண்கள் அணியான ஸ்பர்ஸின் பயிற்சிக்கும் கூட்டங்களுக்கும் போய் உட்கார்ந்து பார்த்தார், கேட்டார். அடுத்த வருடம் அந்த அணியே அவரைத் துணைப் பயிற்றுவிப்பாளராக எடுத்தது. அமெரிக்க ஆண்கள் லீக்கான என்.பி.ஏ.யில் முழுநேரத் துணைப் பயிற்றுவிப்பாளராகச் சம்பளத்துக்கு வந்த முதல் பெண் அவர். எட்டு சீசன் அங்கே துணையாகவே இருந்தார். பிறகு லாஸ் வேகஸ் பெண்கள் அணிக்குத் தலைமைப் பயிற்றுவிப்பாளராகப் போய் 2022, 2023, 2025 என்று மூன்று பட்டம் எடுத்தார். இதில் என் கண்ணில் நிற்பது அந்தப் பட்டங்களைவிட, நொண்டிய காலோடு உட்கார்ந்திருந்த அந்த ஒரு வருடம். நீங்களும் அனுபவமுள்ள ஒரு பயிற்றுவிப்பாளருக்குப் பக்கத்தில் ஒரு சீசன் உட்காருங்கள். கொழும்பில் தேடினால் கிடைப்பார்கள்.

சரி, இப்போது லே-அப். வலது கையால் போடும்போது எந்தக் காலில் எழும்புகிறீர்கள் என்று கேட்டால் உடனே சொல்வீர்களா? எழும்பிப் பார்த்துத்தான் சொல்வீர்கள். இடது காலில். உங்கள் உடம்புக்குத் தெரிந்தது வாய்க்குத் தெரியாது. அந்தப் பிள்ளைக்கு இடது கையால் போடச் சொன்னபோது கை மட்டுமா மாறியது? கால் வரிசையும் தலைகீழாகிறது: முதலில் இடது, பிறகு வலது, அந்த வலது காலிலேயே எழும்பி இடது முழங்காலும் இடது கையும் ஒன்றாக மேலே போக வேண்டும். நீங்கள் கையைக் காட்டினீர்கள். அவள் காலில் சிக்குப்பட்டு நின்றிருப்பாள்.

என் மகள் பாடசாலை அணியில் ஆடிய காலத்தில் நான் சிமெந்துப் படிக்கட்டில் இருந்து பார்த்தவள். அவர்களுடைய கோச் ஒரு நாள் பந்துகளையெல்லாம் பையில் போட்டுக் கட்டிவிட்டார். பொக்கெட்டில் இருந்து சோக்கட்டியை எடுத்து, குந்தியிருந்து, கூடைக்குக் கீழே தரையில் இரண்டு வட்டம் கீறினார். ஒன்றில் இடது, மற்றதில் வலது. பிள்ளைகள் வெறும் கையோடு நடந்து வந்து அந்த வட்டங்களை மிதித்து எழும்பினார்கள். நடை, அப்புறம் மெல்லோட்டம். மூன்றாம் நாள்தான் பையை அவிழ்த்தார். என் மகளின் பந்து வளையத்தில் பட்டு வெளியே போனது. அவர் கைதட்டினார், ஏனென்றால் அவர் பார்த்துக்கொண்டிருந்தது அவளுடைய காலை.

ஏசுவதால் ஆட்டத்திலும் பெரிதாக ஒன்றும் நடக்காது. 40 நிமிட ஆட்டத்தில் சர்வதேச விதிப்படி உங்களுக்கு ஆட்டத்தை நிறுத்திவைக்கும் டைம்-அவுட் ஐந்து: முதல் பாதியில் 2, அடுத்த பாதியில் 3, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம். பிள்ளைகளைக் கூட்டி வைத்துக் கதைக்க அவ்வளவுதான். மற்றதெல்லாம் பயிற்சியில் நடந்திருக்க வேண்டும்.

எங்கள் ஆட்களிடமே இந்தத் தொழிலுக்கு எவ்வளவு மரியாதை இருக்கிறது என்பதற்கு மட்டக்களப்பு போய்ப் பாருங்கள். அமெரிக்காவில் இருந்து வந்த இயேசு சபைத் துறவி ஹரோல்ட் வெபர் அடிகளின் பெயரில் அங்கே மைதானமே இருக்கிறது. அவரைப் போலவே வந்து பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கிய யூஜின் ஹேபர்ட் அடிகள், 1990 ஆகஸ்ட் 15 அன்று கூடச் சென்ற ஒரு தமிழ் இளைஞரோடு காணாமல் போனார். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அவரை நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இனி அந்தப் பிள்ளை. அடுத்த பயிற்சி வரைக்கும் காத்திருக்காதீர்கள். பொறுப்பு ஆசிரியையிடம் சொல்லி, அவர் மூலமாக இன்று பின்னேரமே அம்மாவுக்கு ஒரு கோல் எடுங்கள். ‘நான் ஏசியது பிழை, பிள்ளையிடம் நானே சொல்ல வேண்டும்’ என்று கேளுங்கள். அவள் வந்தால் எல்லோருக்கும் முன்னால் ஏசியதை எல்லோருக்கும் முன்னாலேயே பிழை என்று சொல்லுங்கள். சோக்கட்டி ஒன்றும் கொண்டு போங்கள்.