மகள் எழுத்தாளராகப் போகிறேன் என்கிறாள்: பாலக்காட்டு எல்லை ஊரான கொழிஞ்சாம்பாறையைச் சேர்ந்த அப்பா ஒருவருக்குப் பதில்

அண்ணா, முதலில் அந்த ரூ.35,000-ஐக் கட்டாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம்.

அந்தப் பணத்துக்குப் பாப்பாவின் தொடர்கதையைப் புத்தகமாகப் போட்டுத் தருவதாக ஒரு நிறுவனம் உங்களுக்குக் கொடுத்த பட்டியலைப் பார்த்தேன். ஐ.எஸ்.பி.என். என்ற புத்தக அடையாள எண், காப்புரிமைப் பாதுகாப்பு, உலகம் முழுக்க விற்பனை, கூடவே ஒரு விருது. ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கு நம் நாட்டில் கட்டணமே கிடையாது. மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழ் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாகத் தருகிறது. எழுதியவரே தன் பெயரில் விண்ணப்பிக்கலாம். காப்புரிமையோ 1957-ஆம் வருஷச் சட்டப்படி எழுதும்போதே எழுதியவருக்கு வந்துவிடுகிறது. பதிவு கட்டாயமில்லை, செய்தே தீருவேன் என்றால் அரசுக் கட்டணம் ரூ.500. உலகம் முழுக்க விற்பனை என்பது அமேசானில் ஒரு பக்கம் திறந்து வைப்பது. விருதைப் பற்றி நான் என்ன சொல்ல? பணம் கட்டியவர்கள் எல்லோருக்கும் கிடைக்கும்.

சரி, உங்கள் உண்மையான கவலைக்கு வருகிறேன். பிளஸ் டூ முடித்த பெண் பி.காம். வேண்டாம், எழுதப் போகிறேன் என்கிறாள். நீங்கள், "எழுதினால் சோறு கிடைக்குமா?" என்று கேட்கிறீர்கள். கிடைக்காது. தமிழில் இதை மழுப்பாமல் சொல்லிவிடுவது நல்லது. ரூ.200 விலையுள்ள புத்தகத்துக்கு வழக்கமான 10 சதவீத ராயல்டி என்றால் பிரதிக்கு ரூ.20. புதியவர் ஒருவரின் புத்தகம் 300 பிரதி விற்றாலே பதிப்பாளர் சந்தோஷப்படுவார்; எழுதியவருக்கு ரூ.6,000 வரும். இரண்டு வருஷம் எழுதியதற்கான தொகை அது. தானே அச்சடித்து விற்றால் பிரதிக்குக் கூடுதலாக நிற்கும்தான். ஆனால் அச்சுக்கூலி, கடைக்காரர் கழிவு, தபால், வீட்டுப் பரண்மேல் தேங்கும் கட்டு எல்லாம் அவள் கணக்கு.

இதைச் சொன்னதும், "அப்படியானால் அவளை நிறுத்தச் சொல்கிறீர்களா?" என்று கேட்பீர்கள். இல்லை. எழுத்து சோறு போட வேண்டும் என்ற நிபந்தனையை மட்டும் எடுத்துவிடுங்கள் என்கிறேன். மாதா மாதம் எங்கிருந்தோ ஒரு சம்பளம் வந்தால், யாருக்காகவும் அவள் கதையை வளைக்க வேண்டியதில்லை. சுயமாக எழுதிப் பதிப்பிக்கும் எழுத்தாளரின் சுதந்திரம் என்று பெரிதாகப் பேசுகிறார்களே, பாதிக்கு மேல் அது சம்பளத்தில்தான் இருக்கிறது. திருவனந்தபுரத்தில் இருந்துகொண்டே தமிழில் எழுதியவர்களைப் பாருங்கள். நீல பத்மநாபன் கேரள மின்வாரியத்தில் பொறியாளராக இருந்தார். ஆ. மாதவன் சாலைக் கடைத்தெருவில் கடை நடத்தினார். அந்தத் தெருவையே கதைகளுக்குள் கொண்டுவந்தார். நகுலன் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தார். முதல் இருவருக்கும் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது, 2007-லும் 2015-லும்.

ஆகவே நாம் பார்க்க வேண்டியது, எந்த வேலை அவளுடைய மாலை நேரத்தை விட்டுவைக்கும் என்பதுதான். இரவு பகல் பார்க்காமல் வேலை வாங்கும் கம்பெனியை நான் பரிந்துரைக்க மாட்டேன், சம்பளம் எவ்வளவு இருந்தாலும். எல்லைப்பகுதிப் பிள்ளை என்பது இங்கே அவளுக்கு லாபம். தமிழும் மலையாளமும் தெரிந்தவர்களுக்கென்று கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையமான பி.எஸ்.சி., எல்.டி. கிளார்க் என்ற அரசு எழுத்தர் வேலைக்குத் தனியாகத் தேர்வு நடத்துகிறது. தமிழ் மீடியம் எல்.பி. பள்ளி, அதாவது தொடக்கப் பள்ளி, ஆசிரியர் பணியும் உண்டு. உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியர் ஆக வேண்டுமானால் பி.ஏ. தமிழ், பி.எட்., கேரள ஆசிரியர் தகுதித் தேர்வான கே-டெட் தேவை. சித்தூர் அரசுக் கல்லூரியிலேயே தமிழ்த் துறை இருக்கிறது, பஸ்ஸில் போய்வரும் தூரம்தான். அரசு அறிவிப்புகள் அடிக்கடி வருவதில்லை, காத்திருக்க வேண்டியிருக்கும், அதை மறைக்கவில்லை.

பி.ஏ. தமிழா பி.காமா என்று கேட்டால், என் பதில் அவள் எதற்காகத் தமிழ் கேட்கிறாள் என்பதைப் பொறுத்தது. கதை எழுதப் பட்டம் தேவையில்லை. ஆசிரியர் வேலைக்குத் தேவை. பழைய இலக்கியத்தில் மனம் போகிறதென்றால் தாராளமாகச் சேரட்டும். பி.காமிலிருந்து தப்பிக்கத்தான் என்றால் முதல் செமஸ்டர் இலக்கணத்திலேயே வெறுத்துப்போவாள். கேரளப் பல்கலைக்கழகங்களில் 2024 முதல் நான்கு வருஷப் பட்டப்படிப்பு வந்திருக்கிறது; மூன்றாம் வருஷ முடிவில் பட்டத்தோடு வெளியே வரவும் வழி உண்டு. முக்கியப் பாடத்தோடு இன்னொன்றைத் துணைப்பாடமாக எடுக்கலாம் என்பதால், முதலில் நினைத்த அளவுக்கு இது ஒற்றை முடிவு இல்லை.

அவளுடைய கதையையும் சில அத்தியாயங்கள் படித்தேன். பிரதிலிபி என்ற கதைச் செயலியில் நிறையப் பேர் படிக்கிறார்கள், அது சாதாரணமில்லை. ஆனால் கோடீஸ்வரக் கதாநாயகன், சென்னை பங்களா, காரில் வந்து இறங்கும் மாமியார்... இவர்களை அவள் எங்கே பார்த்தாள்? ஒரே ஒரு இடத்தில், அத்தை வீட்டுக்குப் போகும் பெண் பால் சொசைட்டி வாசலில் நிற்கும்போது, இரண்டு கிழவிகள் பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகச் சண்டை போடுகிறார்கள். அந்தப் பக்கத்தில் அவள் காது வேலை செய்கிறது. விடிகாலையில் தோப்புகளிலிருந்து கள்ளு வண்டிகள் தெற்கே கிளம்புவது, வேலந்தாவளம் காய்கறிச் சந்தை, செக்போஸ்ட்டில் காத்துக் கிடக்கும் லாரிகள், ஆழியாறு தண்ணீர் வருமா என்ற பேச்சு. இதையெல்லாம் அவளைவிட நன்றாக அறிந்து எழுதக்கூடியவர்கள் எத்தனை பேர்? நான் சொல்லி இது புரிய வேண்டியதில்லை, எழுத எழுத அவளுக்கே புரியும். அதற்கு வருஷங்கள் வேண்டும். உங்களால் வாங்கிக் கொடுக்க முடிந்தது அதுதான். பரிசுகளுக்கும் நேரம் இருக்கிறது. சாகித்திய அகாதெமி இளம் எழுத்தாளர்களுக்குத் தரும் யுவ புரஸ்கார் 35 வயது வரை உள்ளவர்களுக்கு, பரிசு ரூ.50,000. இளம் எழுத்தாளர்களுக்காக மத்திய அரசு 2021-ல் தொடங்கிய பி.எம்.-யுவா திட்டம் 30 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு. தேர்வானால் ஆறு மாதம் மாதா மாதம் ரூ.50,000. தலைப்பை அவர்கள்தான் தருவார்கள் என்பதால் எல்லோருக்கும் ஒத்துவராது. எப்படியும் பதினெட்டு வயதில் அவசரப்பட ஒன்றுமில்லை.

மலையாளத்திலிருந்து மொழிபெயர்க்கவும் பழகச் சொல்லுங்கள். இரண்டு மொழியையும் வீட்டு முற்றத்திலேயே கற்றவர்கள் குறைவு. நல்ல எழுத்தை வரி வரியாகப் பிரித்துப் பார்க்க இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

ஏதாவது செலவு செய்துதான் ஆக வேண்டும் என்று உங்கள் மனம் கேட்டால், நல்ல மெய்ப்பு பார்ப்பவருக்கோ எடிட்டருக்கோ கொடுங்கள். ஒற்றுப்பிழை மலிந்த புத்தகத்துக்கு எந்த அட்டையும் உதவாது. அமேசானில் மின்னூல் போடுவது இலவசம். இந்தியாவில் 70 சதவீத ராயல்டி வேண்டுமென்றால் கே.டி.பி. செலக்ட் என்ற அவர்கள் திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் ஒவ்வொரு 90 நாளுக்கும் அந்தக் கதை மின்வடிவில் வேறெங்கும் இருக்கக் கூடாது, பிரதிலிபியில்கூட. சேராவிட்டால் 35 சதவீதம். இதைக் கவனிக்காமல் இரண்டு இடத்திலும் வைத்துவிட்டுக் கணக்கைப் பறிகொடுக்க வேண்டாம்.

கையெழுத்து விஷயத்தில்தான் நீங்கள் கூடவே நிற்க வேண்டும். பதினெட்டு முடியாதவர் போடும் ஒப்பந்தம் செல்லாது. முடிந்துவிட்டால் அவள் கையெழுத்தே போதும், அதனால்தான் பயம். எத்தனை வருஷத்துக்கு என்று ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் சட்டம் 5 வருஷம் என்று எடுத்துக்கொள்ளும், எந்த நாடு என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும். உங்களுக்கு வந்த தாளில் "நிரந்தரமாக, உலகம் முழுவதும், எல்லா வடிவங்களிலும்" என்று இருக்கிறது. ஆடியோ, வெப் சீரிஸ், மொழிபெயர்ப்பு எல்லாம் அதற்குள் போய்விடும். எழுதியவர் காலத்துக்குப் பிறகும் 60 வருஷம் நிற்கும் உரிமை அது. இதே கேரளத்தில் 1945-லேயே எழுத்தாளர்கள் கோட்டயத்தில் கூட்டுறவுச் சங்கம் வைத்துத் தங்கள் புத்தகங்களைத் தாங்களே போட்டார்கள் என்பதைப் பாப்பாவுக்குச் சொல்லுங்கள், அவளுக்குப் பிடிக்கும்.

அந்தத் தாளில் அவள் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்றால் அப்படியே வைத்திருங்கள். கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் கேப் என்ற பட்டப்படிப்புச் சேர்க்கைப் பதிவு முடிவதற்குள் பி.ஏ. தமிழ், பி.காம். இரண்டு விருப்பங்களையும் போட்டு வையுங்கள், வரிசையை அவளே முடிவு செய்யட்டும். அடுத்த முறை வரும்போது அவளையும் கூட்டி வாருங்கள். பேச வேண்டியது அவள். நீங்கள் வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தாலும் சரிதான்.