புள்ளிதான் முதலில் உதிரும்: கடைக் கண்ணாடி ஸ்டிக்கர் கேள்வி-பதில்

கேள்வி: மதுரை வில்லாபுரத்தில் சின்னதாக லேடீஸ் டெய்லரிங் கடை வைத்திருக்கிறேன். சித்திரையில் முன் கண்ணாடியில் கடைப் பெயரையும் வேலை விவரங்களையும் வினைல் ஸ்டிக்கரில் வெட்டி ஒட்டினேன். ஆடி முடிவதற்குள் ஓரமெல்லாம் தூக்கிக்கொண்டது. எழுத்துகளின் மேல் இருக்கும் புள்ளிகள் ஒவ்வொன்றாக உதிர்கின்றன. ஒட்டியவரைக் கேட்டால் "கண்ணாடி சரியில்லக்கா" என்கிறார். கண்ணாடி போட்டவர் "ஸ்டிக்கர் மட்டம்" என்கிறார். ஒட்டுவதற்கு முதல் நாள் நானே நீல நிற ஸ்ப்ரே அடித்து, பேப்பரால் பளபளவென்று துடைத்து வைத்திருந்தேன். யார் மேல் தப்பு?

பதில்: போன வாரம் ஒரு வேலையாக அந்தப் பக்கம் வந்தபோது உங்கள் கடையை எட்டிப் பார்த்துவிட்டேன் அம்மா. உதிர்ந்த புள்ளிகளைப் பழைய பட்டன் டப்பாவில் சேர்த்து வைத்திருந்தீர்களே, அது பெரிய உதவி. இந்த மாதிரி வழக்கில் சாட்சி அதுதான்.

உதிர்ந்த துண்டைத் திருப்பிப் பசைப் பக்கத்தைப் பார்க்க வேண்டும். பசை அப்படியே கண்ணாடியில் தங்கி, வெறும் தாள் மட்டும் கையோடு வந்தால் ஸ்டிக்கரில் கோளாறு. எழுத்தின் ஓரத்தைச் சுற்றி மெல்லிய கோடாகப் பசை தெரிந்தால் வினைல் வெயிலில் சுருங்கியிருக்கிறது என்று அர்த்தம். உருளைகளுக்கு இடையில் அழுத்தித் தட்டையாக்கும், விலை குறைந்த காலண்டர்ட் வினைலில் இது சகஜம். பசையெல்லாம் ஸ்டிக்கரோடு வந்து, அதன் மேல் பொடியோ பிசுக்கோ ஒட்டியிருந்தால் கண்ணாடி சுத்தமாக இல்லை.

உங்கள் புள்ளிகள் மூன்றாவது ரகம். ஏழெட்டுப் புள்ளிகளைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பசையில் மாவு தட்டியதுபோல் வெள்ளைப் பொடி. இரண்டில் மட்டும் மஞ்சளாக ஏதோ இருந்தது. நகத்தால் சுரண்டி மோந்தால் சந்தனம். கண்ணாடி போட்ட நாளிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் அதே இடத்தில் சந்தனம் குங்குமம் வைத்து வந்ததாக அப்புறம்தான் சொன்னீர்கள். சாம்பிராணி தினமும் உண்டு. சூடத்தின் கரி வேறு. இதெல்லாம் சேர்ந்து கண்ணாடி மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிசுக்குத் தோலாகப் படிந்துவிடும். நீல ஸ்ப்ரே அதைக் கொஞ்சம் கரைத்து, பேப்பர் அதையே சமமாகப் பரப்பி விடும். பார்க்கப் பளபளப்பாகத்தான் இருக்கும். ஆனால் ஸ்டிக்கர் பசை கண்ணாடியைத் தொடாமல் அந்தத் தோலைத்தான் தொடும். போதாக்குறைக்கு அந்த ஸ்ப்ரேக்களில் இருக்கும் சோப்பும் வாசனைப் பொருளும் கொஞ்சம் தங்கிவிடும். பேப்பர் தூசும் அப்படியே.

புள்ளிகள் முதலில் விழுந்ததற்குக் காரணம் அவற்றின் அளவு. பிடிமானத்துக்குப் பரப்பு போதாது. 'டெய்லர்ஸ்' என்பதில் இரண்டு புள்ளிகள் போனால் 'டெயலரஸ்' ஆகிவிடுகிறது. ஆங்கில எழுத்தில் இந்தத் தொல்லை குறைவு. அடுத்த முறை டிசைன் போடும்போதே புள்ளியைச் சட்டைப் பட்டன் அளவுக்குப் பெரிதாக வைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் எழுத்தோடு சேர்த்தே வரைந்துவிடச் சொல்லுங்கள்.

தப்பு யார் மேல் என்று கேட்டீர்கள். என் கணக்கில் பெரும்பங்கு ஒட்டியவர் மேல். கடைக்காரர் துடைத்திருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒட்டுவதற்கு முன்னால் தன் கையால் ஒருமுறை துடைப்பதுதான் அந்தத் தொழிலின் முதல் வேலை. கண்ணாடி சரியில்லை என்று ஆடியில் சொல்கிறவர் அதைச் சித்திரையிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

திரும்ப ஒட்டும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். முதலில் தண்ணீரில் துளி பாத்திரம் கழுவும் திரவம் கலந்து கழுவ வேண்டும். பிறகு நனைந்த கண்ணாடியில் புது பிளேடு பொருத்திய ஸ்கிரேப்பரைச் சாய்வாக வைத்து ஒரே திசையில் இழுக்க வேண்டும். பெயிண்ட் துளி, பழைய பசை, பூச்சி எச்சம் எல்லாம் வந்துவிடும். மறுபடி நல்ல தண்ணீர் விட்டு ரப்பர் வைப்பரால் வழித்து, ஓரத்து ரப்பர் பீடிங்கையும் சிலிக்கான் விளிம்பையும் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். அழுக்குத் தண்ணீர் அங்கேதான் ஒளிந்திருந்து ஸ்டிக்கர் ஒட்டும் நேரத்தில் இறங்கி வரும். கடைசியாக ஐபிஏ என்கிற ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். இரண்டு பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர் கலந்து, பஞ்சு விடாத துணியில் நனைத்துத் துடைத்து, அது காய்வதற்குள் இன்னொரு காய்ந்த துணியால் எடுத்துவிட வேண்டும். காய விட்டால் கரைந்த பிசுக்கு திரும்ப அங்கேயே படியும்.

ஐபிஏ செல்போன் சர்வீஸ் ஆட்கள் போர்டு துடைக்கப் பயன்படுத்துவதுதான், செல்போன் ஸ்பேர் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். அதற்குப் பதிலாகக் கொரோனா காலத்துச் சானிடைசரை எடுத்து வராதீர்கள். கை காயாமல் இருக்க அதில் கிளிசரின் சேர்ப்பார்கள், அது கண்ணாடியில் வழவழப்பாகத் தங்கும். சர்ஜிகல் ஸ்பிரிட்டிலும் சில தயாரிப்புகளில் விளக்கெண்ணெய் உண்டு. ஐபிஏ தீப்பிடிக்கும் சரக்கு. பூஜை விளக்கை அணைத்துவிட்டு வேலை பாருங்கள்.

சுத்தமாகிவிட்டதா என்று தெரிந்துகொள்ள வெறும் தண்ணீரை ஸ்ப்ரே செய்தால் போதும். ஒரே விரிப்பாகப் படர்ந்து வழிந்தால் சரி. தாமரை இலையில் நிற்பதுபோல் முத்து முத்தாக நின்றால் இன்னும் பிசுக்கு இருக்கிறது, மறுபடியும் துடைக்க வேண்டும்.

கேள்வி: அண்ணே, எங்கள் பேக்கரி மேலூரில். போர் தண்ணீரில் கழுவிக் கழுவிக் கண்ணாடி முழுக்க வெள்ளைத் திட்டாகிவிட்டது. அதன் மேலேயே ஸ்டிக்கர் ஒட்டலாமா? ஆசிட் ஊற்றித் தேய்க்கலாம் என்று ஒருவர் சொல்கிறார்.

பதில்: ஆசிட் வேண்டாம் தம்பி. பாத்ரூம் ஆசிட் கண்ணாடியை விட அலுமினிய ஃப்ரேமைத்தான் அரிக்கும். உங்கள் மூக்கையும்தான்.

வெள்ளைத் திட்டு என்பது தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து காய்ந்து படிந்தது. வெள்ளை வினிகரையோ, எலுமிச்சை உப்பு என்று விற்கும் சிட்ரிக் ஆசிட்டைத் தண்ணீரில் கரைத்தோ துணியில் நனைத்துப் பத்து நிமிடம் கண்ணாடியில் ஒட்டி வையுங்கள். பிறகு தேய்த்தால் இளகி வரும். வினிகர் வாசம் போக நன்றாகக் கழுவ வேண்டும். வருஷக்கணக்கில் காய்ந்து கண்ணாடியிலேயே ஊறிப்போன கறை என்றால் முழுசாகப் போகாது. அங்கே பனி படர்ந்த மாதிரி மங்கலாகத் தெரியும் ஃப்ராஸ்டட் ஸ்டிக்கர் ஒட்டி மறைத்துவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

இவ்வளவும் செய்துவிட்டுக் கடைசிக் கழுவலுக்கு மறுபடி போர் தண்ணீரையே ஊற்றினால் செய்ததெல்லாம் வீண். ஒரு குடம் ஆர்ஓ தண்ணீர் செலவழியுங்கள். ஸ்டிக்கரை நகர்த்தி ஒட்ட வசதியாகக் கண்ணாடியில் அடிக்கும் ஷாம்பு தண்ணீருக்கும் அதையே வைத்துக்கொள்ளலாம். ஒரு லிட்டருக்கு நாலைந்து சொட்டு ஷாம்பு போதும். கண்டிஷனர் கலந்த ஷாம்பு ஆகாது. பேக்கரி என்பதால் இன்னொன்று: பப்ஸ், கடலை எண்ணெய் ஆவி கண்ணாடியின் உள்பக்கத்தில் படியும். உள்பக்கம் ஒட்டுவதாக இருந்தால் சோப்புக் கழுவலை இரண்டு முறை செய்யச் சொல்லுங்கள்.

கேள்வி: திருமங்கலத்தில் புதுக் கட்டடம். கண்ணாடியில் சிமென்ட் துளிகள் காய்ந்து கிடக்கின்றன. பிளேடு போட்டால் கீறல் விழும் என்கிறார்கள். சூடேற்றி உறுதியாக்கிய டஃபன்ட் கிளாஸ்தான் போட்டிருக்கிறோம்.

பதில்: டஃபன்ட் கண்ணாடியில் பயப்படுவது நியாயமே. உலையில் சூடேற்றும்போது கண்ணாடித் துகள் மேல் பக்கத்தில் ஒட்டிப்போய்விடுவது உண்டு. பிளேடு அதைப் பெயர்த்து இழுத்தால் நீளக் கீறல் விழும். அதனால் முதலில் ஒரு ஓரத்தில் சோதித்துப் பாருங்கள். உரசும் சத்தமோ சொரசொரப்போ தெரிந்தால் பிளேடை நிறுத்திவிடுங்கள்.

சிமென்ட்டைக் காய்ந்த நிலையில் சுரண்டவே கூடாது. அதில் மணல் இருக்கிறது. வினிகர் நனைத்த துணியை வைத்து ஊற விட்டுப் பிறகு பிளாஸ்டிக் பட்டையால் தள்ளிப் பாருங்கள். சிமென்ட் காரத்தன்மை கொண்டது. மாதக்கணக்கில் கிடந்தால் கண்ணாடியையே மங்கலாக்கிவிடும், அது போகாது. பூச்சு வேலை முடிந்ததுமே கழுவியிருக்க வேண்டும். இதை இப்போது சொல்லி என்ன, அடுத்த கட்டடத்துக்காவது உதவும்.

கேள்வி: தல்லாகுளத்தில் அப்பா காலத்துக் கடை. பழைய பெயிண்டர் ஒருவர் கண்ணாடியில் கையாலேயே எழுதித் தருகிறேன் என்கிறார். ஸ்டிக்கரை விட அது நல்லதா? கண்ணாடியைத் திருநீறு போட்டுத் தேய்க்கச் சொல்கிறார், சிரிப்பாக இருக்கிறது.

பதில்: சிரிக்காதீர்கள். நம் வீடுகளில் குத்துவிளக்கையும் நிலைக்கண்ணாடியையும் திருநீறு தொட்டுத் தேய்ப்பது எதற்கு? மெல்லிய பொடி பிசுக்கை உறிஞ்சும், கண்ணாடியைக் கீறாது. பெயிண்டர்கள் வொயிட்டிங் பவுடர் என்கிற மெல்லிய சுண்ணக்கட்டிப் பொடியைத் தண்ணீரில் குழைத்துப் பூசி, காய்ந்ததும் துணியால் தட்டி எடுப்பது அதே வேலைதான். அப்புறம் ஒரு தின்னர் துடைப்பு. டர்பன்டைன் போட்டுத் துடைத்தால் எண்ணெய்ப் பசை கொஞ்சம் நின்றுவிடும், அதை மட்டும் கவனியுங்கள்.

எனக்குக் கையெழுத்துப் போர்டின் மேல் ஒரு சாய்வு உண்டு, ஒளிக்கவில்லை. கை எழுதிய எழுத்துக்கு ஒரு நிறை இருக்கும், புள்ளியும் உதிராது. ஆனால் வெளிப்பக்கம் எனாமலில் எழுதினால், சுவரில் நிற்கிற மாதிரி கண்ணாடியில் நிற்காது. கண்ணாடிக்குள் பெயிண்ட் இறங்குவதில்லை, துடைக்கத் துடைக்கத் தேயும். உள்பக்கத்தில் இடவலம் மாற்றி, கண்ணாடிப் பிம்பம்போல் எழுதத் தெரிந்தவரா என்று கேளுங்கள். தெரிந்தவர் என்றால் கொடுத்துவிடுங்கள். மழையும் வெளிப்பக்கத் துடைப்பும் அதைத் தொடாது.

கேள்வி: வாடகைக்கு எடுத்த கடையில் பழைய ஆள் ஒட்டிய ஸ்டிக்கர் இருக்கிறது. உரித்தால் பாதிதான் வருகிறது.

பதில்: ஹேர் டிரையரால் இளஞ்சூடு காட்டி, ஒரு மூலையிலிருந்து மெதுவாக, கண்ணாடியை ஒட்டினாற்போல் மடித்து இழுங்கள். மிச்சப் பசைக்கு நீலகிரித் தைலம் கைகண்ட மருந்து; தேங்காய் எண்ணெயும் வேலை செய்யும். ஆனால் எண்ணெய் போட்டால் அதன் பிறகு சோப்பு, ஐபிஏ இரண்டும் கட்டாயம். இல்லாவிட்டால் புது ஸ்டிக்கர் எண்ணெய் மேல்தான் நிற்கும்.

கேள்வி: ஒட்டிய ஆள் பணமும் திருப்பித் தரவில்லை, மறுபடி ஒட்டவும் வரவில்லை. கடைக்காரன் நான் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியுமா? "கமர்ஷியல், செல்லாது" என்கிறார்கள்.

பதில்: பாதி உண்மை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிக நோக்கத்துக்காக வாங்கியவரை நுகர்வோர் என்று ஏற்பதில்லை. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்தும் பொருளை அது வணிக நோக்கமாகக் கொள்வதில்லை. நீங்களே கல்லாவில் உட்கார்ந்து நடத்தும் ஒற்றைக் கடை என்றால் அந்த வழி இருக்கிறது. எதிர்த்தரப்பு "இது பொருள் அல்ல, சேவை" என்று வாதாடலாம். அதற்காகத்தான் பில் வாங்கும்போதே 'வினைல் ஸ்டிக்கர், இத்தனை சதுர அடி, இன்ன ரகம்' என்று எழுதி வாங்கச் சொல்கிறேன். துண்டுச் சீட்டில் 'போர்டு வேலை' என்று மட்டும் இருந்தால் வழக்கு நொண்டும். அதே பில்லில் 'கண்ணாடி சுத்தம் செய்து ஒட்டுவது உட்பட' என்று ஒரு வரி சேர்த்துவிட்டால், கண்ணாடி சரியில்லை என்ற பேச்சே எழாது.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள், பல தகராறுகள் அங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போக வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. உரிந்த துண்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள், தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள்.

கேள்வி: எந்த நேரத்தில் ஒட்டச் சொல்வது? மதுரை வெயிலில் கண்ணாடி தோசைக்கல்லாகக் கிடக்கிறது.

பதில்: கிழக்கு பார்த்த கடைக்கு மாலை, மேற்கு பார்த்த கடைக்குக் காலை பத்துக்குள். கை வைத்தால் சுடும் கண்ணாடியில் ஷாம்பு தண்ணீர் உடனே காய்ந்து, பசை இழுத்த இடத்தில் கவ்விக்கொள்ளும். நகர்த்தவும் முடியாது, பபுளை வெளியே தள்ளவும் முடியாது. ஏசி கடை என்றால் ஒட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஏசியை அணைத்துவிடுங்கள். மழைக்காலத்தில் குளிர்ந்த கண்ணாடியின் வெளிப்பக்கம் வியர்த்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. ஓட்டை ஓட்டையாக இருக்கும் ஒன் வே விஷன் ஸ்டிக்கருக்குத் தண்ணீரே கூடாது, காய்ந்த கண்ணாடியில்தான் ஒட்ட வேண்டும்.

கேள்வி: ஆயுத பூஜைக்கு முதல் நாள்தான் ஸ்டிக்கர் ஒட்ட வருகிறார்கள். மறுநாள் கண்ணாடியைக் கழுவிச் சந்தனம் வைக்கலாமா?

பதில்: கழுவ வேண்டாம், பசை நன்றாகப் பிடிக்க ஒரு முழு நாளாவது விடுங்கள். சந்தனத்தை ஃப்ரேமில் வையுங்கள்.