திரையில் தைத்த சட்டையும் சாயப்பட்டறை வெந்நீரும்

கேள்வி: ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மெர்ச்சண்டைசராக, அதாவது பையர்களுக்கும் தொழிற்சாலைக்கும் இடையே ஆர்டர்களை ஒருங்கிணைப்பவராக, பணிபுரிகிறேன். துணியில் தைத்த சேம்பிளுக்குப் பதிலாக, முப்பரிமாண மென்பொருளில் உருவாக்கிய சேம்பிளையே அனுப்பும்படி வெளிநாட்டு பையர்கள் கேட்கிறார்கள். இதனால் ஆடைத் தொழிலின் கரியமில வாயு உண்மையிலேயே குறையுமா? (வாசகி, திருப்பூர்)

பதில்: குறையும், ஆனால் நீங்கள் எதிர்பார்க்கும் அளவுக்குக் குறையாது. அளவு பார்க்க ஒன்று, திருத்தத்திற்குப் பின் மற்றொன்று என ஒரே உடையின் சேம்பிள் பல முறை தைக்கப்பட்டு, ஒவ்வொரு முறையும் விமானக் கூரியரில் கடல் கடந்து போகிறது. துணியின் எடையையும் இழுவையையும் சரியாகப் பதிந்துவிட்டால், அக்குள் எங்கே பிடிக்கிறது, தோள் எங்கே தொங்குகிறது என்பதைத் திரையிலேயே கண்டு திருத்திவிடலாம். டாமி ஹில்ஃபிகர் நிறுவனம் 2022 வசந்தகால ஆடைகள் முழுவதையும் முப்பரிமாண முறையிலேயே வடிவமைப்பதாக 2019-இல் அறிவித்தது. இழுவைக் கணக்கு தவறினால் திரையில் பொருந்திய பனியன் உடம்பில் பொருந்தாது என்பதால், உடையின் வெட்டு வடிவத்தை வரையும் பேட்டர்ன் மாஸ்டரின் கைப்பழக்கம் இங்கும் தேவைப்படுகிறது.

ஆனால் சுமை எங்கே இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். குளோபல் ஃபேஷன் அஜெண்டாவும் மெக்கின்சியும் 2020-இல் வெளியிட்ட அறிக்கை, 2018-இல் இத்தொழில் வெளியிட்ட பசுங்குடில் வாயுக்களை ஏறத்தாழ 210 கோடி டன் என்று மதிப்பிட்டது. அதில் சுமார் 70 விழுக்காடு இழை, நூல், துணி, சாயம் உள்ளிட்ட உற்பத்திக் கட்டங்களிலேயே உண்டாகிறது. ஆகவே, கணினி முதலில் போய்ச் சேர வேண்டிய இடம் சாயப்பட்டறை என்பதே என் உறுதியான கருத்து.

பருத்தித் துணிக்கு இழையோடு வேதியியல் முறையில் பிணையும் ரியாக்டிவ் சாயம் ஏற்றப் பெரும்பாலும் 60 டிகிரி செல்சியஸ் வெப்பமும், ஒட்டாத சாயத்தை நீக்கும் சோப்பிங் கழுவலுக்குக் கொதிநிலையை நெருங்கிய வெந்நீரும் வேண்டும். ஷேடு, அதாவது கேட்ட நிறச்சாயல், தப்பிவிட்டால் இத்தனையையும் மறுபடி செய்ய வேண்டியிருக்கும். 2011-இல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் மூடப்பட்ட திருப்பூர்ச் சாயப்பட்டறைகள், கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரிக்கும் நிபந்தனையோடுதான் மீண்டும் இயங்கின. திருப்பூர் வழியே ஓடும் நொய்யல் ஆற்றுக்கு அது மிகவும் அவசியமானது. எனினும், சாயக் கழிவுநீரில் எஞ்சும் உப்புக் கரைசலைக் காய்ச்சி வற்றவைக்கும் ஆவியாக்கிகளுக்கு ஏராளமான ஆற்றல் தேவைப்படுவதால், நிறம் தப்பிய ஒவ்வொரு லாட்டும் (ஒரே தொகுதியாகச் சாயமேற்றும் துணி) சாயத் தொட்டியில் ஒரு முறையும் சுத்திகரிப்பு நிலையத்தில் ஒரு முறையும் எரிபொருளைத் தின்கிறது.

லேப் டிப் துண்டு (ஆய்வகத்தில் சோதனையாகச் சாயமேற்றிய சிறு துணி) ஒன்றை ஒளிப்பெட்டிக்குள் வைத்துப் பார்த்திருப்பீர்கள். பகல் விளக்கில் பையரின் மாதிரியோடு அச்சாகப் பொருந்திய சாம்பல் நிறம், கடை விளக்குக்கு மாற்றியதும் சிவப்படித்துத் தெரியும். இந்த வேறுபாட்டை நிறத்தை அளக்கும் ஸ்பெக்ட்ரோ கருவி, துணி திருப்பும் ஒளியை அலைநீளம் அலைநீளமாக அளந்து, முழு லாட்டுக்கும் சாயம் போடும் முன்னரே எண்ணாகக் காட்டிவிடுகிறது. அதற்கேற்ற சாயக் கலவையை மென்பொருள் கணக்கிட, தானியங்கி எடையிடும் கருவி அதைப் பிசகாமல் கலக்குமானால், முதல் முறையிலேயே நிறம் அமையும் வாய்ப்பு பெருகும். பையரும் துணித் துண்டுக்காகக் காத்திராமல் அந்த எண்களையே ஏற்றுக்கொண்டால் கூரியரும் மிச்சம். இதை நீங்களே அவர்களிடம் வலியுறுத்தலாம்.

கேள்வி: உடைகளில் கியூஆர் குறியீடு கட்டாயமாகப் போகிறது என்கிறார்களே? (வாசகர், ஈரோடு)

பதில்: 2024 ஜூலை 18 அன்று நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் சூழலுக்கேற்ற வடிவமைப்பு விதிமுறை, பொருள்களுக்கு மின்னணுக் கடவுச்சீட்டு (கியூஆர் போன்ற குறியீடு வழியே பொருளின் விவரங்களைக் காட்டும் பதிவு) வேண்டும் என்கிறது, முன்னுரிமைப் பட்டியலில் ஆடைகளும் உள்ளன. ஆடைகளுக்கான விரிவான விதிகள் தனியே வரும். குறியீட்டை அச்சிடுவது எளிது. அதற்குள் வைக்கும் தகவலைத் திரட்டுவதே கடினம். மாதக் கடைசியில் மொத்தமாக வரும் மின்கட்டணத்தையும் விறகுச் செலவையும் வைத்துக்கொண்டு, ஒரு குறிப்பிட்ட பனியனுக்கு எவ்வளவு ஆற்றல் செலவானது என்று யாராலும் சொல்ல முடியாது. நீராவிக் குழாயிலும் ஒவ்வொரு சாய எந்திரத்திலும் அளவி பொருத்தி, லாட் எண்ணோடு சேர்த்துப் பதிவு செய்யும் வேலையை இப்போதே தொடங்கலாம்; எந்த எந்திரம் வீணாக நீராவியைக் குடிக்கிறது என்பது அந்தப் பதிவிலேயே தெரிந்துவிடும்.