லினக்ஸ்ல பைலை வெட்டிச் சுருக்குற சின்ன கொமாண்ட் ஒண்டை நீங்களே எழுதிப் பாருங்கோ எண்டு சொன்னனான்: அதைப் பற்றி நீங்கள் கேட்ட கேள்வியள்

கேள்வி (கிளிநொச்சி): அண்ணை, லொக் பைல்ல (புரோகிராம் தன்ர நடப்புகளை எழுதி வைக்கிற பைல்) கடைசி 1000 வரி போதுமெண்டு, கடைசி வரியளை எடுக்கிற டெயில் (tail) கொமாண்டைப் போட்டு > குறியால அதே பைலுக்கே திருப்பி விட்டன், முழுக்கக் காலியாப் போச்சு. ஏன்?

பதில்: தம்பி, பிழை டெயில்ல இல்லை. அந்த > அம்புக்குறியைக் கண்ட உடனேயே ஷெல் (நீங்கள் அடிக்கிற கொமாண்டை வாசிச்சு ஓட்டுற புரோகிராம்) பைலை 0 பைட்டாக்கிப்போட்டுத்தான் டெயிலை ஓட விடும், டெயில் வந்து பாக்கேக்க வாசிக்க ஒண்டுமில்லை. அரிவு வெட்ட முன்னம் வயலை உழுத மாதிரி. அதே போல்டருக்குள்ள வேற பேர்ல எழுதி, சரியோ எண்டு பாத்து, பிறகு பேரை மாத்துங்கோ. நீங்கள் எழுதுற டூலும் உள்ளுக்க இப்பிடித்தான் செய்யோணும், எழுதிக்கொண்டிருக்கேக்க கரண்ட் போனாலும் பழைய பைல் கிடக்கும்.

கேள்வி (அறிவியல்நகர்): பைத்தன்ல பைட் கணக்கில வெட்டுறன். இங்கிலீசுக்குச் சரி, தமிழ் எண்டா கடைசி எழுத்து உடையுது.

பதில்: தங்கச்சி, இதைத்தான் ஆரும் கேக்கமாட்டினமோ எண்டு இருந்தனான். எழுத்துகளைப் பைட்டாச் சேமிக்கிற யூடிஎப்-8 (UTF-8) முறையில தமிழ்க் குறியீடு ஒண்டுக்கு 3 பைட். "வன்னி" எண்டு எழுதினா கண்ணுக்கு மூண்டு எழுத்து, ஆனா வ 3, ன் 6 (னவும் புள்ளியும்), னி 6 (னவும் விசிறியும், அதாவது ி), மொத்தம் 15 பைட். 10வது பைட்டோட வெட்டினா அடுத்த னகரத்தின்ர முதல் பைட் மட்டும் தனிய நிண்டு குப்பையாத் தெரியும். வெட்டின இடத்தில இருக்கிற பைட்டின்ர பெறுமதி 128க்கும் 191க்கும் இடையில எண்டா பின்னுக்குப் போங்கோ எண்டு சொல்லுவினம், அது பாதி மருந்துதான், ஏனெண்டா 12வது பைட்டோட வெட்டினா குறியீடு ஒண்டும் உடையாது ஆனா விசிறி போய் "வன்ன" எண்டு நிக்கும், ஆக்களின்ர பேர் இருக்கிற பட்டியல்ல அப்பிடி நடந்தா ஆளே மாறிப்போம். அதால கடைசி வரி முடியிற இடம் மட்டும், அதாவது பெறுமதி 10 உள்ள பைட் (வரி முடிவுக் குறி) வாற வரைக்கும், பின்னுக்குப் போய் வெட்டுங்கோ. அந்தப் பெறுமதி 10 ஒரு தமிழ் எழுத்துக்குள்ளயும் வராது.

கேள்வி (மாங்குளம்): பெரிய லொக்கை அழிச்சும் டிஸ்க்ல இடம் வரேல்லையே?

பதில்: ஏதோ ஒரு புரோகிராம் அதை இன்னும் திறந்து வச்சிருக்கு, மூடினாத்தான் இடம் வரும். அழிக்காம 0க்கு வெட்டியிருக்கலாம்.

கேள்வி: பைலை அளவு சொல்லி வெட்டுற ட்ரங்கேட் (truncate) கொமாண்ட் ஏற்கனவே இருக்கே, புதுசா ஏன் எழுதுவான்?

பதில்: இருக்கு, நல்லது. ஆனா பைலை விடப் பெரிய அளவு குடுத்தா சுருக்காம சுழியத்தால நிரப்பி நீட்டிப்போடும். அளவுக்கு முன்னால சிறிது எண்ட குறியை (<) மேற்கோளுக்குள்ள போட்டா நீட்டாது. வரி, எழுத்து ஒண்டும் அதுக்குத் தெரியாது, அதுக்காகத்தான் எழுதச் சொல்லுறன்.