தூரம் ஒன்றுதான், நேரம் ஏன் வேறு?

கேள்வி: இரு நகரங்களுக்கு இடையிலான தூரத்தை வைத்துப் பறக்கும் நேரத்தை மனக்கணக்காகச் சொல்ல முடியுமா?

பதில்: ஓரளவுக்கு முடியும். ஜெட் விமானம் உயரத்தை எட்டிய பிறகு மணிக்கு 850 முதல் 900 கிலோமீட்டர் வேகத்தில் போகும். தூரத்தை 850ஆல் வகுத்து, ஏறவும் இறங்கவும் அரை மணி நேரம் கூட்டுங்கள். 1,700 கிலோமீட்டருக்கு இரண்டரை மணி நேரம் வரும். டிக்கெட்டில் அதைவிடக் கூடுதலாக இருந்தால் உங்கள் கணக்கைச் சந்தேகிக்க வேண்டாம். விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வது முதல், சேருமிடத்தில் வந்து நிற்பது வரை எல்லாமே அதில் அடக்கம். நெரிசலான நிலையங்களில் ஓடுபாதைக்கு ஊர்ந்து போகவே இருபது நிமிடம் ஆகிவிடும்.

கேள்வி: லண்டனிலிருந்து நியூயார்க் போக எட்டு மணி நேரம், திரும்பி வர ஏழு. பூமி சுழல்வதுதானே காரணம்?

பதில்: இதை எத்தனை முறை மறுத்தாலும் மறுபடி முளைத்துவிடுகிறது! பூமியோடு சேர்ந்து காற்று மண்டலமும்தான் சுழல்கிறது. ஓடும் ரயிலுக்குள் மேலே எறிந்த பந்து உங்கள் கையிலேயே விழவில்லையா?

உண்மையான காரணம், சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பாயும் ஜெட் காற்று. (அது உருவாவதில் சுழற்சிக்குப் பங்கு உண்டு, அது வேறு கதை.) குளிர்காலத்தில் அது மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டுவது சாதாரணம். 2020 பிப்ரவரியில் கியாரா புயல் வீசியபோது, நியூயார்க்கிலிருந்து கிளம்பிய போயிங் 747 ஒன்று 4 மணி 56 நிமிடத்தில் லண்டனில் இறங்கியது. தூரம் அதே 5,500 கிலோமீட்டர் சொச்சம்தான். தரையை வைத்து அளந்தால் அதன் வேகம் 1,300ஐத் தாண்டியது. உடனே ஒலியை மிஞ்சிவிட்டது என்று சிலர் குதித்தார்கள். சுற்றியிருந்த காற்றை வைத்துப் பார்த்தால் அது வழக்கமான வேகத்தில்தான் பறந்தது.

கேள்வி: வரைபடத்தில் பாதை ஏன் வடக்கே வளைகிறது?

பதில்: உருண்டையைத் தட்டையாக்கியதன் கோளாறு. உலக உருண்டையின் மேல் இரு நகரங்களுக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். அதுதான் மிகக் குறுகிய வழி.

கேள்வி: ஹெல்சின்கி–டோக்கியோ தூரம் சுமார் 7,800 கிலோமீட்டர். உங்கள் கணக்குப்படி பத்து மணி நேரத்துக்குள் வர வேண்டும். பதின்மூன்று மணி நேரம் காட்டுகிறதே?

பதில்: அந்தக் குறுகிய வழி ரஷ்யாவின் மேல் போகிறது. 2022இல் அந்த வான்வெளி ஐரோப்பிய விமானங்களுக்கு மூடப்பட்டது. வட துருவம் வழியாகவோ தெற்கே இறங்கியோ சுற்றித்தான் போகிறார்கள். எண் மாறவில்லை, வழி மாறிவிட்டது.

கேள்வி: டோக்கியோவில் மாலை 5 மணிக்கு ஏறினால், லாஸ் ஏஞ்சல்ஸில் அதே நாள் காலை 11 மணிக்கு இறங்குவதாக டிக்கெட் சொல்கிறது. அச்சுப் பிழையா?

பதில்: இல்லை. கோடையில் டோக்கியோ 16 மணி நேரம் முன்னே இருக்கிறது. நீங்கள் இறங்கும்போது அங்கே மறுநாள் அதிகாலை 3 மணி. பயணம் பத்து மணி நேரம்தான்.