கறுத்துட்டான்னு ஊருக்கு அனுப்பலையா?

கேள்வி: என் மகனுக்கு 10 வயசு. கராத்தே, ஸ்கேட்டிங், நீச்சல்னு மூணு கிளாஸ்ல சேத்தோம், எதுலயும் ரெண்டு மாசம் தாண்டல. மத்த பசங்க சிரிக்கிறாங்கன்னு அழுவுறான், பி.டி. பீரியட் வந்தா வயித்து வலிங்கிறான். போன மே லீவுல மட்டும் உசிலம்பட்டி பக்கம் எங்கப்பா ஊர்ல நாள் பூரா கிணத்துலயே கெடந்தான், கன்னங்கரேல்னு வந்து நின்னான், அதான் இந்த வருஷம் அனுப்பல. இவனுக்கு எப்படி ஆர்வம் வர வைக்கிறது?
– ஒரு அம்மா, திருநகர், மதுரை

பதில்: தங்கச்சி, நீச்சல் கிளாஸ்ல நிக்காத பையன் தாத்தா ஊரு கிணத்துல நாள் பூரா கெடந்துருக்கான், அதை நீயே எழுதிட்டு அடுத்த வரியில ஆர்வம் எப்படி வரும்னு கேக்குற. வந்த ஆர்வத்தை நீதான் கறுத்துட்டான்னு நிப்பாட்டிட்ட. வெயில்ல வெளையாடுற புள்ள கறுக்கத்தான் செய்யும். யாரு பேசுனா, சொந்தக்காரங்களா? நம்ம சக்கிமங்கலம் ரேவதி வீரமணி, அம்மா அப்பா இல்லாத புள்ள, வெறுங்கால்ல ஓடிப் பழகி டோக்கியோ ஒலிம்பிக்ல ரிலே ஓடுச்சு, வளத்த பாட்டி ஊர் பேச்சைக் கேட்டு அந்தப் புள்ளைய வீட்ல உக்கார வச்சிருந்தா ஓடியிருக்குமா?

கிணத்துல எப்படிப் பழகியிருப்பான்னு எனக்குத் தெரியும். முதுகுல சுரைக்குடுக்கையோ காலி கேனோ கட்டிவிடுவாங்க, கூட மாமா பசங்க நாலு பேரு, சிரிச்சவனே அடுத்த நிமிஷம் கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போவான். முதல்ல கீழ்ப்படியில இருந்து குதிப்பான், பயம் போனதும் இன்னும் ரெண்டு படி மேல ஏறுவான், எப்ப ஏறணும்னு அவனேதான் முடிவு பண்ணுவான், நம்மாலயும் முடியும்னு தோணுறது அங்கதான். கிளாஸ்ல முதல் வாரமே யாரு முந்துறான்னு பாக்குறாங்க, கம்பிக்கு வெளிய நின்னு நீங்க வீடியோ எடுக்குறீங்க, பிந்துற பையனுக்கு வயித்து வலி வராம என்ன செய்யும்?

5லருந்து 17 வயசு வரை தினம் சராசரியா 60 நிமிஷம் நல்லா ஓடியாடணும்னுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. வெளையாட்டு, சைக்கிள், வேகமா நடக்குறது எல்லாமே அதுல சேரும், ஃபீஸ் கட்டுற கிளாஸ்தான் வேணும்னு இல்ல.

இன்னொண்ணு, உன் வீட்டுக்காரரைப் பத்தி லெட்டர்ல ஒரு வார்த்தை இல்ல. புள்ளைய வெளையாடக் கூட்டிட்டுப் போறது அப்பன் வேலையும்தான். திருநகர்லருந்து திருப்பரங்குன்றம் எம்புட்டு தூரம், ஞாயித்துக்கிழமை காலையில ரெண்டு பேரும் கிரிவலப் பாதையில சுத்தி வரட்டும், போட்டி வேணாம், பக்கத்து வீட்டுப் பையன் மெடல் பேச்சு வேணவே வேணாம்.

காலாண்டு லீவுக்கு அவனை ஊருக்குக் கூட்டிட்டுப் போ. பேரனுக்கு நீச்சல் பழக்குறது தாத்தாவோட உரிமை, அதைத் தடுக்க உனக்கு எந்த நியாயமும் இல்ல. அவன் தண்ணியில இருக்குற வரைக்கும் நீச்சல் தெரிஞ்ச பெரியவங்க ஒருத்தர் படியிலயே இருக்கணும், அதை மட்டும் அப்பாகிட்ட கண்டிஷனா சொல்லிரு.